அக்கா வீட்டில் ஒரு மத்தியானம்

விவாகரத்துக்குப் பிறகு அக்கா மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறாள். ஜூ டவுன் பக்கம் வாடகைக்கு ஒரு மாடி அறை. கீழே மிளகு குடோன், படியேறும்போதே தும்மல் வந்துவிடும். லீவில் வந்த நான் பாசத்தில் மட்டும் அவளைப் பார்க்கப் போகவில்லை. அப்பாவின் வீட்டை என் பேருக்கு மாற்ற அவள் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும், நகல் என் பையில். "கல்யாணத்துக்குத்தான் நாப்பது பவுன் போட்டாச்சே" என்பது அம்மாவின் கணக்கு.

மேசையில் 'சின்ன விஷயங்களின் கடவுள்', ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பு. அருந்ததி ராய் 1997ல் புக்கர் வாங்கிய நாவல். அதில் கொச்சிக்கு சினிமா பார்க்க வரும் குடும்பத்தில், விவாகரத்தாகித் தாய்வீடு திரும்பிய அம்மு இருக்கிறாள். அவள் மறுபடி ஒருவனை நேசித்தபோது வீட்டை விட்டுப் போகச் சொன்னது முன்னாள் புருஷன் இல்லை, கூடப்பிறந்தவன்.

எழுதியவரின் அம்மா மேரி ராய்க்கும் அதே கதிதான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கணவரை விட்டு, இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் தன் அப்பாவின் வீட்டுக்கு வந்தார். காலி பண்ணச் சொல்லி வந்தது பெற்ற தாயும் அண்ணனும்! 1916ம் வருஷத் திருவிதாங்கூர் சட்டப்படி, கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. நல்லவேளை, அந்தச் சட்டம் நம்ம ஊட்டிக்குச் செல்லாது. பிற்பாடு வழக்குப் போட்டு, 1986ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். பெண்களுக்கும் சம பங்கு.

அப்படிப்பட்ட அம்மாவிடமிருந்தும் மகள் பதினெட்டு வயதில் விலகிப் போனார், பல வருஷம் பார்க்கவே இல்லை. 2022ல் அம்மா இறந்தபின் 'மதர் மேரி கம்ஸ் டு மீ' எழுதினார், 2025ல் வந்தது. அந்தக் கோபமும் பிரியமும் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன.

இதையெல்லாம் அக்காதான் சொன்னாள், மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே. சாப்பிட்டு முடித்ததும் கையைத் துடைத்தபடி, "அம்மா போன்ல எல்லாம் சொல்லிட்டாங்கடா. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னைக்கு வரணும்?" என்றாள்.

பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. "அப்புறம் பாக்கலாம்க்கா" என்றேன்.

ராத்திரி அம்மா கூப்பிட்டபோது, வீடு ரெண்டு பேர் பேரிலேயும் இருக்கட்டும் என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.