சாம்பல் கல்லும் ஒரு சுற்றறிக்கையும்

சாம்பலை வீணாக்காத காலத்தில் பிறந்தவர்கள் நாம். விறகடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவியது, கத்தரிச் செடிக்குப் பூச்சி மருந்தானது, விதைப் பயறு வண்டு பிடிக்காமல் காத்தது. பிரான்சில் குடியேறிவிட்ட என் பள்ளித் தோழர் தொலைபேசியில் அடிக்கடி 'எகொனொமி சிர்குலேர்' என்கிறார். தமிழில் சுழற்சிப் பொருளாதாரம். ஒருவர் கழிப்பது இன்னொருவருக்கு மூலப்பொருள் ஆவது. நம் பாட்டிமார் பெயர் வைக்காமலே செய்த காரியம்தான்.

ஆனால் நெய்வேலிச் சாம்பல் ஒரு வீட்டு அடுப்புச் சாம்பல் அல்ல. 1962-ல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இங்கே பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்த முதல் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. அடுத்து வந்தவை எரிந்துகொண்டிருக்கின்றன. மலைமலையாய் வரும் சாம்பலை எந்தப் பாட்டியாலும் செலவழிக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

1999 செப்டம்பர் 14-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் மண்ணோடு குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும். நிலையம் அதை இலவசமாகத் தர வேண்டும். வயலின் மேல்மண் சூளைக்குப் போவதைத் தடுப்பதும் இதன் நோக்கம். 2003-ல் எல்லை 100 கிலோமீட்டர் ஆனது. கட்டடம் கட்டுகிறவர்களும் சாம்பல் கலந்த பொருள்களை வாங்க வேண்டும் என்றார்கள்.

அப்போது நான் புதுவையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நெய்வேலியிலிருந்து புதுவை 100 கிலோமீட்டருக்குள்தான். சுற்றறிக்கை என் மேசைக்கும் வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் முதலில் உருப்போட வைத்த வினைச்சொற்களில் 'புவ்வார்', 'தெவ்வார்' இரண்டும் உண்டு. முன்னது முடியும், செய்யலாம். பின்னது செய்ய வேண்டும். அரசாங்கத் தாளிலும் இதே இலக்கணம்தான். 'லாம்' என்று முடியும் வரி கோப்பிலேயே தூங்கிவிடும். 'வேண்டும்' என்று முடியும் வரி லாரி ஏறி வரும். மதிப்பீட்டில் சாம்பல் கல் என்று ஒரு வரி ஏறினால்தான் ஒப்பந்தக்காரர் அதைத் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஓய்வு பெற்ற 2009-ல் நல்லதொரு 'வேண்டும்' வந்தது. உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைக் கல், பிளாக், ஓடு செய்யும் ஆலைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்றது புதிய திருத்தம். 2016-ல், 100 கிலோமீட்டர் வரை லாரி வாடகையையும் அனல்மின் நிலையமே ஏற்க வேண்டும் என்றார்கள்.

இந்த நம்பிக்கையில்தான் என் தங்கை மகன் நெய்வேலிக்கு வெளியே ஒரு கல் பட்டறை போட்டான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன். கிராமப்புறம் என்பதால் 25 சதவீத மானியம். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் கலந்து சூளையில்லாமல் இறுக வைக்கும் முறையை விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் வளர்த்தெடுத்தார்கள். நெய்வேலிச் சாம்பலில் இயல்பிலேயே சுண்ணாம்புச் சத்து அதிகம். கல் தூளும் சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி, நாள் கணக்கில் தண்ணீர் காட்டினால் கல் தயார். விறகும் இல்லை, புகையும் இல்லை. எட்டுப் பேருக்கு வேலை.

பிறகு காற்று திசை மாறியது. சிமென்ட் ஆலைகளுக்கும் இதே சாம்பல்தான் வேண்டும். குப்பைக்கு விலை வந்தது. 2021 செப்டம்பரில் மின்சார அமைச்சகம், சாம்பலை ஏலத்தில் விற்க வேண்டும், மிஞ்சினால் கடைசி வழியாக இலவசமாகத் தரலாம் என்றது. அதே ஆண்டு டிசம்பர் 31-ல், பயன்படுத்தாமல் விடும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது.

கவனியுங்கள். முன்பு சிறியவருக்கு இலவசம் 'வேண்டும்'. இப்போது 'லாம்'.

ஏலத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலையுள்ள பொருளை யாரும் குளத்தில் கொட்ட மாட்டார்கள். அபராதமும் சரியானதே. ஆனால் பெரிய டேங்கர் லாரிகளோடு வரும் சிமென்ட் ஆலையும், வாடகை டிப்பரோடு வரும் என் மருமகனும் ஒரே ஏலத்தில் நின்றால் யார் வெல்வார் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். சாம்பல் யாருக்கும் வேண்டாததாய்க் கிடந்தபோது, கல் அறுத்து விற்கும் வழியைப் பழக்கியவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். பொருளுக்கு மதிப்பு வந்ததும் அவர்களை வரிசையில் கடைசிக்கு அனுப்புவது முறையல்ல.

கடனும் மானியமும் பட்டறையைத் திறந்துவைக்கும், தினமும் நடத்தாது. தினமும் நடத்துவது வாசலுக்கு வரும் ஒரு லோடு சாம்பல். பெரும்பகுதியை ஏலம் விடட்டும். சிறியவருக்கென ஒரு பங்கை ஒதுக்கி, அந்த ஒரு வரியை மட்டும் 'வேண்டும்' என்று முடிக்கட்டும்.