பல்லைக் கடித்துக்கொண்டு

காலையில் எழும்பும்போதே தலையிடி. கொட்டாவி விட்டால் வலது காதடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில்தான் இது கூடியது. இரண்டு பனடோல், கொஞ்சம் தைலம், பிறகு வேலை. பெண்களுக்குத் தலையிடி என்ன புதினமா?

நோவு மெல்ல வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இறங்கியது. பல்லில் ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் நானே வற்புறுத்திப் பிடுங்குவித்தேன். ஒரு கிழமை சுகம். பிறகு பல் இல்லாத இடத்திலேயே நோவு! இதை எழுதும்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மகள். ஒருநாள் என்னோடு படுத்தவள், "அம்மா, இரவு முழுக்க எலி கொறிக்கிற மாதிரிப் பல்லை நெருமிக்கொண்டு கிடந்தீங்கள்" என்றாள். இவரைக் கேட்டால், "சொன்னால் நீ மனவருத்தப்படுவாய் எண்டு விட்டிட்டன்" என்கிறார்! சொல்லியிருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்ததாகப் போன பல் வைத்தியர், வாயைத் திறக்கச் சொல்லமுன் என் கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் நொந்தது. மெல்லும் தசைகள் களைத்துப் போயிருக்கின்றன என்றார். பற்களின் நுனி தேய்ந்து தட்டையாகியிருந்ததைக் கண்ணாடியில் காட்டினார். நோவில்லாமல் சத்தம் மட்டும் கேட்டால் வைத்தியம் தேவையில்லையாம். எனக்கோ நோவும் இருந்தது.

இரவில் போட 'ஸ்பிளின்ற்' ஒன்று செய்வோம் என்றார். நான் அதைப் பிளேற் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பசை போன்ற ஒன்றைக் குழைத்து மேல்வாயிலும் கீழ்வாயிலும் அச்செடுத்தார்கள். குமட்டியது; மூக்கால் மூச்சு விடச் சொன்னார்கள். அந்த அச்சில் சாந்து வார்த்து, அதன்மேல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு செய்தார்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. மேற்பற்கள் அத்தனையையும் மூடும். சில பற்களை மட்டும் மூடினால் மற்றவை நாளடைவில் இடம் மாறிவிடக்கூடுமாம்.

மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. நீலக் கடதாசியை வைத்துக் கடிக்கச் சொல்லி, மை கூடப் பட்ட இடத்தை உராய்ந்து, எல்லாப் பக்கமும் ஒரேயளவாகக் கடிபடும்வரை நான்கு தரம் போய்வந்தேன். முதற் கிழமை எச்சில் ஊறி நித்திரையே இல்லை. நடுச்சாமத்தில் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். மூன்றாம் கிழமைதான் தலையிடி இல்லாமல் விடிந்தது.

பிளேற் நெருமுவதை நிறுத்தவில்லை. அதில் கோடு கோடாகக் கீறல்கள் இருக்கின்றன. என் பற்களில் விழவேண்டியவை. பகலில் உதடு மூடியிருந்தாலும் மேற்பல் கீழ்ப்பல்லில் படாமல் இருக்கவேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். கவனித்துப் பார்த்தேன். தேங்காய் திருவும்போது, சில்லறை எண்ணும்போது, பேரூந்துக்கு நிற்கும்போது, எப்போதும் கடித்தபடிதான் நின்றிருக்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் மெல்லிய தூரிகையால்தான் கழுவவேண்டும். மாமி, கிருமி சாகட்டும் என்று ஒருநாள் கொதிநீரில் போட்டுவிட்டார். வளைந்துபோய்ப் புதிதாகச் செய்யவேண்டி வந்தது.

இப்போது மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. இரவில் அவளுடைய கதவடியில் நின்று காது கொடுத்துப் பார்க்கிறேன்.