பாலையில் ஒரு பச்சைத் திடல்

கடலாடி, சிக்கல், வாலிநோக்கம், ஏர்வாடி என்று நம் கரையோர ஊர்களில் எங்கே நின்று கேட்டாலும் துபாயைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். சம்பளம், விசா, அறை வாடகை எல்லாம் சொல்வார். அங்கே கோல்ப் ஆடுவோர் எங்கே, எப்போது ஆடுகின்றனர் என்பதைச் சொல்பவர் அரியர். நாம் அதனை அறிந்தது, நம் தமக்கை மகனார் அங்கொரு திடலில் புல் பராமரிப்பு வேலையில் இருப்பதனால்தான்.

இந்த ஆட்டத்துக்காக வெள்ளையர் நம் நாட்டில் குளிர்ச்சியைத் தேடி மலையேறினர். கொடைக்கானலில் 1895-இலேயே கோல்ப் சங்கம் கண்டனர். துபாய்க் கரையில் அப்படி ஏறி ஆட மலை ஏது? மணலிலேயே ஆடினர். 1971-இல் தோன்றிய துபாய் கண்ட்ரி கிளப்பில் ஆட்டம் மணல்மீதுதான். ஆடுபவர் ஒரு துண்டுப் பச்சை விரிப்பைக் கையோடு கொண்டு செல்வார். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடிப்பார். குழியைச் சுற்றிலும் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கியிருப்பார்கள். வற்றிய கண்மாயில் நம் பிள்ளைகள் பந்தாடக் கண்டவர்க்கு இது விளங்காத விளையாட்டன்று.

1988-இல் எமிரேட்ஸ் கோல்ப் கிளப்பின் 'மஜ்லிஸ்' திடல் திறந்தது. மத்தியக் கிழக்கில் முழுதும் புல் வளர்த்த முதல் பந்தயத் திடல் அது. மறு ஆண்டே உலக ஆட்டக்காரர்கள் வந்து அங்கே போட்டியிட்டனர். இன்று துபாயில் அத்தகைய திடல்கள் பல. ஆகவே, ஆடப் போகிறவர்க்குத் தேர்வு உண்டு. கடலை ஒட்டிய திடலில் காற்று வரும், கூடவே புழுக்கமும் வரும். உள்ளே தள்ளிய திடலில் உச்சி வெயில் கடுமை. ஆயின் விடியற்பொழுது இதம்.

இடத்தைவிட நேரமே பெரிது. பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். கோடையில் சுபுஹு தொழுத கையோடு இறங்கினால் பத்து மணிக்குள் கரையேறலாம். குளிர்காலத்தில் அஸருக்குப் பின் தொடங்கினாலோ மஃரிபுக்குள் ஒன்பது குழிதான். விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் ஆடும் திடல்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை கட்டணம் ஏறி நிற்கும், கோடையில் சரிந்துவிடும். அந்த மலிவின் காரணத்தைச் சூரியனிடம்தான் கேட்க வேண்டும்! ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆடுபவர்க்குச் சட்டம் எதற்கு? அவர் முன்னரே வீடு சேர்ந்திருப்பார்.

நம் மருமகன் புல் வெட்டுவது ஆட்டக்காரர் வருமுன். இருள் பிரியாத நேரம்.

"நீர் பாயும்போதெல்லாம் உம்மா தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போனது கண்ணில் நிற்கும், மாமா" என்றார் ஒருமுறை. கடல்நீரைக் குடிநீராக்க, நாள் ஒன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் கொள்ளளவில் நம் நரிப்பையூரில் ஓர் ஆலை நிறுவப்பட்டதை நாம் அறிவோம். அங்கும் கடல்நீரை நன்னீராக்கித்தான் அந்த முதல் புல்லை வளர்த்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சும் வழக்கமும் பின்னர் வந்திருக்கிறது; அது நல்லதே. எனினும் குடத்துக்கு வரிசை நின்ற ஊரில் பிறந்தவர் புல்லுக்கு நீர் விடுகையில் என்ன எண்ணுவார் என்பதை நாம் எளிதாக ஒதுக்க இயலவில்லை.

ஆட்டக்காரர் குளிர்காலத்தைத் தேர்ந்துகொண்டதால் அவருக்கு அப்போது விடுப்பில்லை. மழை பெய்து கண்மாய் நிறைந்த நம்மூரை அவர் கண்டு ஆண்டுகள் பலவாகின்றன. இப்போது தங்கைக்கு நிக்காஹ் பேசியாயிற்று. தை மாதக் குளிரில் வைக்கத் தமக்கைக்கு ஆசை. திடலிலோ தை மாதம்தான் கூட்டம் நெரியும் காலம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனத்தோடு இசைந்தனர். ஆனி மாதத்தில் நாள் குறித்தாயிற்று. கண்மாய் அப்போது வற்றிக் கிடக்கும். பந்தலை அதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தமக்கை. குடிநீருக்கு இரண்டு லாரி சொல்லி வைக்க வேண்டும்.