இருட்டில் கெடாத புகை

லாங்யியர்பியனில் கிளம்பிய குட்டி விமானம் அரை மணி நேரத்துக்குள் நீ-ஓலெசுண்டில் இறக்கிவிட்டது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஆய்வுப் பணிக்காகவே ஆட்கள் தங்கும் ஊர். வட துருவம் இங்கிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்தான். இறங்கியதும் முதல் கட்டளை, கைப்பேசியில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும். பக்கத்தில் விண்வெளி ரேடியோ அலைகளுக்குக் காதுகொடுக்கும் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியோடுதான் போக வேண்டும். வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதில்லை. கரடி துரத்தினால் கண்ணில் பட்ட வாசலுக்குள் நுழைந்துவிடலாம்!

ஏப்ரல் கடைசி. சூரியன் மறைவதையே விட்டுவிட்டுச் சில நாள்கள் ஆகியிருந்தன. உறைபனிக்கு மேலே வானம் நீலமாக இருந்தாலும் ஃபியோர்டு எனும் கடல்நீட்சியின் எதிர்க்கரை மலைகளின் அடியில் லேசான பழுப்பு மங்கல் தெரிந்தது. 1950களில் வானிலை பார்க்கப் பறந்த அமெரிக்க விமானிகளையும் குழப்பிய மங்கல் இது. உள்ளூர்ச் சரக்கு அல்ல. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் எரிந்தவை குளிர்காலம் முழுக்க இங்கே வந்து தேங்குகின்றன.

இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இந்த ஊரில் இருக்கிறது. அங்கே தங்கியிருந்த நாகர்கோவில்காரத் தம்பி ஒருவர் என்னை க்ருவேபாதெட் என்ற கட்டடத்துக்கு அழைத்துப்போனார். ஒரு காலத்தில் இது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962இல் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த விவகாரத்தில் நார்வே அரசாங்கமே கவிழ்ந்தது. சுரங்கத்தையும் மூடினார்கள். க்ருவேபாதெட் அந்தத் தொழிலாளிகள் குளித்த இடம். உடம்பில் அப்பிய கரியைத் தேய்த்துக் கழுவிய கட்டடத்தில் இப்போது கரித்துகளைத் தேடித்தேடிப் பிடிக்கிறார்கள்.

தம்பி இடுக்கியால், காற்றை வடித்த ஒரு வடிதாளை எடுத்தார். “அண்ணாச்சி, மூச்ச அடக்கிக்கிடுங்க. நம்ம மூச்சுலயும் ஆர்கானிக் கெடக்கு.”

குவார்ட்ஸ் இழையால் ஆன வட்டம். சட்டம் கவ்விப் பிடித்த விளிம்பு மட்டும் தூய வெள்ளை. நடுவில் சிலேட்டுச் சாம்பல். மார்ச் மாதத்துக் காற்று. பக்கத்தில் போன ஜூலையில் எடுத்த வட்டத்தை வைத்தார். விளிம்பு எது, நடு எது என்று தெரியவில்லை.

இந்த வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் சாதாரணமானது. கோடையில் தூறல் காற்றைக் கழுவிவிடுகிறது, தெற்கிலிருந்து புகையும் குறைவாகவே வருகிறது. மீதிப் பாதிதான் என்னை அங்கேயே உட்காரவைத்தது. காற்றில் மிதக்கும் துகளின் மேல் ஒட்டிய கரிமச் சேர்மங்களை ஓசோன் கடித்துத் தின்கிறது. இரட்டைப் பிணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வாய் வைக்கும். வெயில் சேர்ந்தால் வேகம் வேறு. புற ஊதா ஒளி ஓசோனை உடைக்கும். பிரிந்த ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துணுக்கு ஆகும். அதற்குத் தப்பும் கரிமப்பொருள் அபூர்வம். பெரிய மூலக்கூறுகள் சிறு அமிலங்களாகி, மிச்சம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்ச்சேரும். விறகுப் புகையின் பழுப்பு நிறமே வெயிலில் வெளுத்துப்போகிறது.

துருவத்தின் நீண்ட இரவில் வெயிலுக்கு எங்கே போவது? ஹைட்ராக்சில் பிறக்க ஏறக்குறைய வழியில்லை. வந்த புகை வந்தபடி கிடக்கிறது.

சரி, ஓசோனுக்கு இருட்டிலும் வேலை செய்யத் தெரியுமே? பென்சோபைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு; கரியோ விறகோ டீசலோ அரைகுறையாக எரிந்தால் வருவது; புற்றுநோய் தரும் என்பது உறுதியானது. ஆய்வகத்தில் அதை வெறும் கரித்துகள் மேல் பூசி ஓசோனைக் காட்டினால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அந்தக் கணக்குப்படி அது பாதி வழியிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஊர்க் காற்றில் அதை அளக்கிறார்கள். விடையை அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகக் குழு 2017இல் விரிவாகக் காட்டியது. மரங்களும் எஞ்சின்களும் விடும் ஆவிகள் துகளின் மேல் ஒரு பூச்சாகப் படிகின்றன. ஈரமும் சூடும் உள்ள காற்றில் அந்தப் பூச்சு இளகியிருக்கும், ஓசோன் உள்ளே ஊடுருவும். குளிர்ந்து உலர்ந்த காற்றிலோ ஆறிய வெல்லப்பாகு வேர்க்கடலையைப் பிடித்துக்கொள்வதுபோல் இறுகிப்போகும். உள்ளே இருக்கும் நஞ்சு பத்திரமாகக் கண்டம் தாண்டுகிறது.

இதைவிட விசித்திரம் வசந்தத்தில் நடக்கிறது. சூரியன் திரும்பியதும், கடல்பனியிலும் அதன் மேல் கிடக்கும் வெண்பனியிலும் உள்ள உப்பிலிருந்து புரோமின் கிளம்புகிறது. அது தரையொட்டிய ஓசோனைச் சில நாள்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். துணைக்கு வெயில் வந்த நேரம் பார்த்து ஓசோன் காணாமல் போகிறது!

ஊருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 474 மீட்டர் உயரத்தில், மலை முகட்டில், செப்பலின் ஆய்வகம் இருக்கிறது. காற்று பலமாக அடித்ததால் ரோப்கார் ஓடவில்லை, கீழிருந்தே பார்த்தேன். 1989 முதல் அங்கே ஓசோன் அளக்கிறார்கள். வசந்தத்தில் நேர்மாறாகவும் நடந்ததுண்டு: அதுவரை காணாத ஓசோன் உச்சம் 2006 மே மாதத் தொடக்கத்தில் பதிவானது. கிழக்கு ஐரோப்பிய விவசாயிகள் வயலில் கொளுத்திய தீயின் புகை இந்த ஃபியோர்டு வரைக்கும் வந்து வானத்தை மஞ்சளாக்கியது. புகையே வழியில் வெயிலைக் குடித்து ஓசோனைச் செய்துகொண்டும் வந்திருந்தது.

தம்பி மார்ச் வட்டத்தை அலுமினியத் தாளில் மடித்து, உறையில் போட்டு, ஃப்ரீசரைத் திறந்தார். வெளியே மைனஸ் பத்து. கட்டடத்தைச் சுற்றிப் பனிதான்.

“இந்த ஊர்ல எதுக்குப்பா ஃப்ரீசர்?” என்றேன்.

“வெளிய வெயிலு அடிக்குல்லா அண்ணாச்சி” என்றார்.