குமாஸ்தா நாற்காலி

சென்னையில் கொஞ்ச நாளாக யார் புது வீட்டுக்குப் போனாலும் ஹாலில் அந்த நாற்காலி இருக்கிறது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், இரு பக்கமும் கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்கள். பிரெஞ்சு டிசைன் என்றார் ஒரு நண்பர். டேனிஷ் என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர். எனக்கு என்னவோ ஏதோ அரசு அலுவலகத்தில் அதில் காத்துக் கிடந்த மாதிரியே இருந்தது.

விசாரித்துக்கொண்டே போனதில் வழி சண்டிகருக்குப் போனது. பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்காக எழுப்பிய தலைநகரம். பெயர் வாங்கியவர் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. 1951 முதல் 1965 வரை அங்கேயே குடியிருந்து வேலையைப் பார்த்தவர் அவருடைய உறவினர், சுவிஸ்காரரான பியர் ஜானெரே. செக்டார் 5இல் அவர் இருந்த 57ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம்.

சட்டமன்றம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், விடுதிகள் என ஓர் ஊருக்கே மொத்தமாக மேசை நாற்காலி வேண்டியிருந்தது. கையில் காசு குறைவு. தேக்கைக் கறையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. பிரம்பு முதுகுக்குக் காற்று விடும், பிய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். ஏசி இல்லாத காலத்துக் குமாஸ்தாவுக்கு வேறென்ன வேண்டும்?

இதைச் செய்தது யார் என்றால்தான் சிக்கல். ஜானெரேயின் குழுவில் இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் யூலி சௌத்ரிக்கு அறைகலன் வேலையில் பங்குண்டு. வரைபடத்தை வைத்து இழைத்த பட்டறைகளோ பல. அதனால் ஒரே நாற்காலி ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் வந்திருக்கிறது. ஏலப் பட்டியல்களில் ஜானெரேயின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. இழைத்த தச்சர், பின்னியவர் பெயரைத் தேடித் தேடிச் சலித்துப்போனேன்.

பிளாஸ்டிக்கும் இரும்பும் வந்ததும் இவற்றைக் 'கண்டம்' செய்து மாடியிலும் முற்றத்திலும் குவித்தார்கள். பிறகு காயலான் விலைக்கு ஏலம். எடுத்தவர்களில் வெளிநாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். கப்பலேறிப்போய், பிரம்பு மாற்றி, மெருகேறி, பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விலைபோனது. எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்றது நாம்தானே?

தடுக்கச் சட்டமும் தோதாக இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, இத்தகைய பொருள் தொல்பொருளாக நூறு வயது ஆக வேண்டும், இவற்றுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடைபோட்டது. சண்டிகரின் பாரம்பரியப் பட்டியலில் 12,793 பொருள்கள் ஏறின. அதற்குள் போனவை போனவைதான்.

நான் அதிகம் ரசித்தது நாற்காலிகளின் முதுகுப் பக்கத்தை. துறையின் பெயர்ச்சுருக்கமும் எண்ணும் பெயின்டால் எழுதியிருக்கும். பக்கத்து ஆபீஸ்காரர் தூக்கிப் போய்விடக் கூடாது என்று யாரோ ஒரு ஊழியர் கோணல்மாணலாக எழுதியது. இன்று அசல் என்பதற்கு முதல் அத்தாட்சியே அதுதான். நாற்காலியைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்கள் அந்தக் கோணல் எழுத்தை மட்டும் தொடுவதில்லை. போலி செய்கிறவர்கள் அதையும் எழுதியே அனுப்புகிறார்கள்.

எனக்கு முன்பே இந்தத் தடத்தில் பின்னோக்கிப் போனவர் ஒருவர் உண்டு: அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல். 2013இல் வந்த அவருடைய 'ப்ராவனன்ஸ்' படம் பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னால் நகர்ந்து சண்டிகரில் போய் நிற்கிறது. அந்தப் படத்தையே அதே ஆண்டு லண்டன் கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு விட்டார். அந்த ஏலத்தையும் படம்பிடித்து இன்னொரு படமாக்கினார். அதன் பெயர் 'லாட் 248'.