சந்தன வேரும் எலெக்டிவ் பேப்பரும்

பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்சி. படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு எலெக்டிவ் எது என்று இந்த வாரத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். தாவர வகைப்பாட்டியல், நுண்ணுயிரியல், பயோடெக், மூன்றில் ஒன்று. "எதை எடுத்தா நல்லது பெரியப்பா?" என்று கேட்டாள். வீட்டில் எல்லாரும் பயோடெக் என்கிறார்கள். வகைப்பாட்டியல் என்றால் செடிக்குப் பெயர் வைக்கிற படிப்புதானே என்று அவள் அப்பாவுக்கு ஒரு சலிப்பு. அதற்குப் பிறகு எனக்குச் சந்தன மரத்தைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்துக்காரர்களான எங்களுக்குச் சந்தனம் என்றாலே வழக்கு, வனத்துறை, திருப்பத்தூர் கிடங்கில் நடக்கும் ஏலம் என்றுதான் பேச்சு போகும். மரத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. எதிரெதிராக வழவழப்பான இலை, குச்சி குச்சியாகத் தொங்கும் கிளை. பூ சின்னது, விரியும்போது வைக்கோல் நிறம், பிறகு கருஞ்சிவப்பு. அதில் வாசனை ஏறக்குறைய கிடையாது. வாசம் முழுக்க நடுக்கட்டையிலும் வேரிலும்தான்.

அந்த வேர்தான் அதிசயம். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் உண்டு, தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் உப்புச் சத்துகளையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கன்று நிற்கும் இடத்தில் மண்ணைப் பதமாக விலக்கினால், அயல் வேரின்மேல் டிச் பட்டன் அழுத்தியதுபோல் ஒரு வெளுத்த புடைப்பு தெரியும். அதன் நடுவிலிருந்து ஒரு திசு கிளம்பி, பட்டையைத் துளைத்து, அடுத்தவர் வேரின் நீர்க்குழாய் வரை போய்விடும். அதனால்தான் நாற்றுப் பையில் சந்தனத்தோடு துவரையோ பொன்னாங்கண்ணி வகையோ சேர்த்து வளர்க்கிறார்கள். துணை இல்லாமல் நட்டால் கன்று கொஞ்ச காலம் நிற்கும். பிறகு வெளிறித் தேய்ந்துபோகும்.

இந்தப் புடைப்பை நுண்ணோக்கியில் வைத்து விரிவாக ஆராய்ந்து, சென்ற நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கட்டுரைகள் எழுதியவர் சி. ஏ. பார்பர். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர். அவர் படங்களோடு எழுதியவை பின்னால் வந்த சந்தன ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படை. சந்தன வேர் நிபுணர் என்றே அவர் வாழ்க்கை முடிந்திருக்கலாம். ஆனால் 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதைப் பார்பரிடம்தான் ஒப்படைத்தார்கள். அவரும் அங்கே உடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். பேய்க்கரும்பில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் வறட்சியையும் குளிரையும் தாங்கும். அப்படிப் பிறந்து 1918-இல் வெளிவந்த கோ 205 என்ற ரகம், வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றியது. வட இந்தியக் கரும்பினம் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் பார்பர் இருக்கிறார். விளைச்சலுக்குப் பயனில்லாத ஒரு புல்லைப் பொருட்படுத்திப் பார்க்க, வேலிச்செடியின் வேரைத் தோண்டிப் பார்த்துப் பழகிய கண் வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றில் ஆழமாகப் போனதுதான் அவரை இன்னொன்றுக்குத் தயார் செய்தது.

சந்தனத்துக்கே திரும்புவோம். அது எந்தத் துறைக்குச் சொந்தம்? பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது பறவைகள், அது விலங்கியல். எண்ணெயிலுள்ள சாண்டலால் வேதியியல். 1899-இல் குடகில் முதலில் பதிவான கூர்நோய் இலையைச் சிறுத்து ஊசியாக்கி மரத்தையே கொல்கிறது. காரணம் செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர். ஒரே வயதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று சீக்கிரம் வைரம் பாய்கிறது, மற்றது பாய்வதில்லை. ஏன் என்று தேடுகிறவருக்கு மரபணுவும் தெரிய வேண்டும், மண்ணும் தெரிய வேண்டும்.

அதனால் அந்தப் பெண்ணிடம் பாடத்தின் பெயரைப் பார்க்காதே என்றேன். எந்தப் பேப்பரில் உன்னைக் காட்டுக்கு அழைத்துப் போவார்கள், எந்த லேபில் கருவியை உன் கையிலேயே கொடுப்பார்கள், எந்த ஆசிரியர் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுவார் என்று சீனியர்களிடம் விசாரி. மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொடு. வகைப்பாட்டியலாக இருந்தால் அப்பாவிடம் நான் பேசுகிறேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் வளர்ந்தவள் செடிகளின் பெயர் தெரியாமல் பட்டம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பார்பரைப் போலவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், மிச்சிகனில் முனைவர் பட்டம். 1934-இல் அதே கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் சேர்ந்து, கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்துக்கூடப் பார்த்தவர். பிறகு இங்கிலாந்து போனார். 1945-இல் டார்லிங்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதன்பின் மக்னோலியா மரங்கள். கடைசியில் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வுக்கூடத்தில் தங்கி, மருந்துச் செடிகளையும் அவற்றைப் பழங்குடியினர் பயன்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்தார். 1984-இல் 86 வயதில் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார்.