2024ல் எனக்குப் பிடிச்ச படங்கள்

வருசம் முடியப் போகுது. டிவியில, யூடியூப்ல எல்லாம் "இந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள்"னு போட ஆரம்பிச்சிட்டாங்க. வசூல் எவ்வளவு, எத்தனை கோடின்னுதான் அதுல முக்கால்வாசி. கோடியை வச்சு எனக்கு என்ன ஆகப் போகுது? உளுந்தூர்பேட்டை பக்கம் ரெண்டு ஏக்கர் வச்சிக்கிட்டு சம்பா நெல்லும் மல்லாட்டையும் போடுறவன் நான். நம்ம கண்ணுக்கு எது நல்லா இருந்துச்சோ அதை எழுதுறேன். தியேட்டருக்குப் போனது நாலே தடவைதான். மத்ததெல்லாம் வீட்டுல, மகன் போட்டுக் கொடுத்ததுல பார்த்தது.

என் வரிசையில முதல் படம் மாரி செல்வராஜோட 'வாழை'. ஆகஸ்ட் 23ஆம் தேதி வந்துச்சு. படிக்கிற பையன் சிவனைந்தன். லீவு நாள் வந்தா அம்மா அவனை வாழைத்தார் சுமக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பையன் கழுத்து நோகுதுன்னு முகத்தைச் சுளிக்கிறான் பாருங்க, அதை நடிப்புன்னு சொல்ல முடியாது. தார் சுமந்தவனுக்குத்தான் அந்தச் சுளிப்பு வரும். நான் வாழை சுமந்ததில்லை, கரும்புக் கட்டு சுமந்திருக்கேன். பத்தாவது கட்டுல கழுத்து நரம்பு இழுக்கும், ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. மாரி செல்வராஜ் சின்ன வயசுல தன் கண் முன்னாடி நடந்ததைத்தான் படமா எடுத்திருக்கார். தார் லோடு மேலயே ஏறி ஊர் திரும்புற சனம், அந்த லாரி கவுந்து செத்துப் போன கதை. நடுவுல ரஜினி பெருசா கமல் பெருசான்னு ரெண்டு பசங்களும் அடிச்சிக்கிறதைப் பார்த்து சிரிச்சிக்கிட்டு இருந்த தியேட்டரு, கடைசி அரை மணி நேரம் மூச்சு விடலை.

அந்தப் படத்துல ஒரு இடம் இருக்கு. தாருக்கு ஒரு ரூபாய் கூலி ஏத்திக் கேட்டு சனம் நிக்குது. அந்த இடத்துல என்னால சும்மா உட்கார்ந்து பார்க்க முடியலை. ஏன்னா எங்க ஊர்ல நடவுக்கு வர்ற பொம்பளைங்களும் குட்டியானை வண்டியில பின்னாடி நின்னுக்கிட்டுதான் வர்றாங்க. ஒரு வண்டியில இருபது பேரு. நாலுவழிச் சாலையில பஸ்ஸும் லாரியும் பறக்கிற பறப்புல அந்த வண்டி குறுக்க திரும்பும்போது எனக்கு வயித்தைக் கலக்கும். நாளைக்கு 300 ரூபாய் கூலி. ஆளுக்கு ஐம்பது ஏத்திக் கேட்டா, வரப்புல நின்னு கணக்குப் போடுறது நான்தான். சன்ன ரக நெல்லுக்கு 2024ல அரசாங்க கொள்முதல் விலை குவிண்டால் 2,450 ரூபாயா இருந்துச்சு. உழவு, நாத்து, நடவு, உரம், களையெடுப்பு, அறுப்பு மிஷின் எல்லாம் போக மிஞ்சுறது என்னன்னு விவசாயம் பண்றவங்களுக்குத் தெரியும். அவங்க கேக்குறது நியாயம்தான். என் கையில இல்லைங்கறதும் நிஜம்தான்.

சினிமாவுல ஒரு பக்கம் கூலிக்காரன் இருக்கான், இன்னொரு பக்கம் பெரிய முதலாளி இருக்கான். அதை விட்டா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு "விவசாயியைக் காப்பாத்துங்க"ன்னு வசனம் பேசுற ஹீரோ. தானும் சேத்துல இறங்கி, நாலு பேருக்குக் கூலியும் கொடுத்து, ரெண்டு பக்கமும் பேச்சு வாங்குற ரெண்டு ஏக்கர்காரன் எங்கன்னு நான் படத்துக்குப் படம் தேடுறேன். இந்த வருசம் தேடினதுல ரெண்டு பேரு மாட்டினாங்க.

ஒருத்தன் 'தங்கலான்'. பா.ரஞ்சித் படம், சுதந்திர தினத்துக்கு வந்தது. தங்கம் தோண்டப் போற கதைன்னுதான் எல்லாரும் பேசினாங்க. எனக்கு முதல் அரை மணி நேரம் போதும். வெள்ளைக்காரன் காலத்துல வடஆற்காட்டுப் பக்கம் சொந்தமா கொஞ்சம் நிலம் வச்சிருக்கிற குடும்பம். விளைஞ்ச நெல்லு எரிஞ்சு போகுது, வரி கட்ட வழியில்லை, நிலம் கைவிட்டுப் போகுது. எரிஞ்ச களத்தைப் பார்த்து விக்ரம் நிக்கிற நிலை இருக்கே, பெஞ்சல் புயல் மழையில பூட்டை வந்த சம்பா மூணு நாள் தண்ணிக்குள்ள கிடந்தப்போ எங்க தெருவுல பாதிப் பேரு வரப்பு மேல அப்படித்தான் நின்னாங்க. அதுக்கப்புறம் பாம்பு, மந்திரம்னு படம் எங்கேயோ போயிடுச்சு. எனக்குப் பிடி கிடைக்கலை.

இன்னொருத்தர் 'லப்பர் பந்து' யசோதை. டிராக்டர் ஓட்டுறாங்க. எல்லாரும் கெத்துவையும் அன்புவையும் பத்தித்தான் பேசுறாங்க, அட்டகத்தி தினேஷும் ஹரிஷ் கல்யாணும் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா வீட்டுக்காரரு மட்டையைத் தூக்கிக்கிட்டு ஊரூராப் போக, ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அந்தம்மாதான் என் கண்ணுக்கு இந்த வருசத்து விவசாயி. சுவாசிகா கேரளாக்காரங்கன்னு மகன் சொன்னான், நான் நம்பலை. எங்க வீட்டுக்காரம்மாவுக்கு இதுதான் முதல் படம், வாழை வேணாம்னுட்டா. "அழுறதுக்கு காசு கொடுத்து வேற போகணுமா, கழனிக்குப் போனா போதாதா"ன்னா. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

லப்பர் பந்துல இன்னொரு விசயம் எங்க ஊர்க்காரங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. கெத்து இறங்கும்போது விஜயகாந்த் நடிச்ச 'பொன்மனச் செல்வன்' பாட்டு போடுவாங்க. தியேட்டர்ல ஐம்பது வயசுக்காரங்க எல்லாம் எழுந்து விசில் அடிச்சாங்க. கேப்டன் எங்க மாவட்டத்து ரிஷிவந்தியத்துல 2011ல ஜெயிச்சு எதிர்க்கட்சித் தலைவர் ஆனவரு. 2016ல எங்க உளுந்தூர்பேட்டையிலயே நின்னாரு, தோத்துப் போனாரு. ஓட்டுப் போடாதவங்களும் அன்னைக்கு விசில் அடிச்சாங்க, நான் பார்த்தேன். அவரு போனது 2023 டிசம்பர் 28ல. விஜய்யோட 'கோட்' படத்துல கம்ப்யூட்டர்ல அவரு முகத்தை வரவச்சுக் காட்டினாங்க. அதுக்குக் கிடைக்காத விசில் ஒரு பழைய பாட்டுக்குக் கிடைச்சுது.

அடுத்தது 'ஜமா'. நிறைய பேரு பார்த்திருக்க மாட்டீங்க, கண்டிப்பா பாருங்க. பாரி இளவழகன்னு ஒரு தம்பி எழுதி, எடுத்து, நடிச்சும் இருக்கார். இளையராஜா இசை. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாவுல பெண் வேசம் கட்டுற கல்யாணத்தோட கதை. திரௌபதியாவும் குந்தியாவும் கட்டிக் கட்டி, நடை பேச்சு எல்லாம் அதுவாவே ஆகிப்போய், ஊரு கேலி பண்ணுது, பொண்ணு கொடுக்க மாட்டேங்குது. அவனுக்கோ ஒருநாளாவது அர்ச்சுனன் வேசம் கட்டணும்னு ஆசை. பாரதக் கூத்து விடிய விடியப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. சித்திரை மாசம் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்க எங்கெங்கிருந்தோ திருநங்கைங்க வர்ற கூவாகம் எங்க தாலுகாதான். அன்னைக்கு மட்டும் கும்பிட்டுட்டு மறுநாள் கேலி பேசுற ஊரு இது. அந்தப் படத்தை எங்க ஊருலதான் திரை கட்டிப் போட்டிருக்கணும். தியேட்டர்லயோ ஒரு வாரம் ஓடுச்சா தெரியலை.

'கொட்டுக்காளி'யும் வாழை வந்த அன்னைக்கேதான் வந்துச்சு. ஒரே நாள்ல ரெண்டு நல்ல படத்தை விட்டா சனம் எதுக்குப் போகும்? பி.எஸ்.வினோத்ராஜ் படம். பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான். சூரி தொண்டை கட்டி, கழுத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டு வர்றாரு, எங்க அப்பாவை அப்படியே பார்த்த மாதிரி இருந்துச்சு. வழியில ஒரு காளை மறிச்சிக்கிட்டு நிக்கும், ஆம்பளைங்க அத்தனை பேரும் கிட்டப் போக பயப்படுவாங்க. ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா ஓட்டிக்கிட்டுப் போகும். மாடு வளர்த்தவங்களுக்குத் தெரியும், அது அப்படித்தான், தண்ணி காட்டுற கைக்குத்தான் கட்டுப்படும். முடிவு சட்டுனு நிக்குதுன்னு மகனுக்குக் கோவம். எனக்கு அது சரியாப் பட்டுச்சு.

'மெய்யழகன்' பேச்சு ஜாஸ்திதான், நீளம்னு வெளியான பிறகு 18 நிமிசம் வெட்டினாங்களாம். ஆனா வீடு இழந்து ஊரை விட்டுப் போனவன் திரும்ப வர்ற கதை எங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு இருக்கு. சென்னையில, திருப்பூர்ல இருக்கிறவங்க பொங்கலுக்கு வந்து அந்த அரவிந்த்சாமி மாதிரியே யாரு பேரும் தெரியாம சிரிச்சிக்கிட்டே நிப்பாங்க.

'மகாராஜா' நல்லா கட்டின கதை, ஆனா நான் அதை நிம்மதியா பார்க்கலை. ஜூன் 14 வந்தது. அடுத்த வாரமே கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல சாராயம் குடிச்சு சாவு விழ ஆரம்பிச்சு, அறுபதைத் தாண்டிடுச்சு. தியேட்டர்ல உட்கார்ந்திருந்தப்பவும் வெளியில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 'அமரன்' தீபாவளிக்குக் குடும்பத்தோட போனோம், சாய் பல்லவிக்காக இன்னொரு தடவை பார்க்கலாம். 'இந்தியன் 2' பத்தி ஒண்ணும் எழுதலை.

'விடுதலை' ரெண்டாம் பாகம் இன்னும் பார்க்கலை. சாஞ்ச நெல்லை அறுக்க மிஷின்காரர் வர்றேன்னு நாலு நாளா சொல்லிக்கிட்டு இருக்காரு. அறுத்து முடிச்சாத்தான் தியேட்டர். உங்களுக்குப் பிடிச்ச படம் எதுன்னு சொல்லுங்க. யசோதை மாதிரி, தங்கலான் மாதிரி சொந்த நிலத்துல நிக்கிற ஆளு வேற எந்தப் படத்துலயாவது இருந்தா அதை முதல்ல சொல்லுங்க.